பலெர்மோ தமிழர்: பதிவாகாத மணித்தியாலங்களின் விலை

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ, ஐரோப்பாவிலேயே வேலை கிடைப்பது அரிதான நகரங்களுள் ஒன்று. 2023ஆம் ஆண்டில், 15 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட சிசிலி மக்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேரே ஏதாவதொரு தொழிலில் இருந்தனர் என இத்தாலியின் தேசியப் புள்ளிவிபர நிறுவனமான இஸ்தாத் கணக்கிட்டது. நாடு முழுவதற்குமான விகிதம் அப்போது 61ஐத் தாண்டியிருந்தது. சிசிலிப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத்தான் வேலை இருந்தது. பலெர்மோ மாகாணத்தின் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்றாக விளங்கிய, தெர்மினி இமெரேசே நகரின் ஃபியட் கார்த் தொழிற்சாலை 2011ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. படித்த சிசிலி இளைஞர்கள் மிலானுக்கும் தூரினுக்கும் ஜெர்மனிக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளூர் மக்கள் வேலை தேடி வெளியேறும் இந்த நகரில்தான் இலங்கைத் தமிழர்கள் 1980களிலிருந்து வேலை செய்து வாழ்ந்து வருகிறார்கள். பலெர்மோ மாநகரின் பதிவேட்டில் இலங்கைப் பிரஜைகளாக இருப்போர் சில ஆயிரம் பேர். பங்களாதேஷ் நாட்டவருடன் சேர்த்து, நகரின் மிகப் பெரிய வெளிநாட்டுச் சமூகங்களுள் ஒன்றாக இவர்கள் எண்ணப்படுகிறார்கள். சிசிலியின் மற்ற இரு பெரு நகரங்களான கத்தானியாவிலும் மெசினாவிலும் இலங்கையர் என்றால் பெரும்பாலும் சிங்களவரைக் குறிக்கும். பலெர்மோவில் அச்சொல் பெரும்பாலும் தமிழரையே குறிக்கும். இத்தாலியப் பிரஜாவுரிமை பெற்றுக்கொண்டவர்கள் இக்கணக்கிலிருந்து மறைந்துவிடுவதால், உண்மையான தொகை இதைவிட அதிகம்.

இவர்களிடையே வேலையின்மை பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. ஆயினும் வறுமை இருக்கிறது. இஸ்தாத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இத்தாலியில் வாழும் வெளிநாட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 35 பேர் முழு வறுமை எனப்படும் நிலையில், அதாவது உணவு, உறைவிடம், உடை போன்ற அடிப்படைத் தேவைகளுக்கான செலவையே முழுமையாகச் செய்ய இயலாத நிலையில் இருந்தனர். இத்தாலியர்களிடையே இத்தொகை நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல். வேலையில் இருந்துகொண்டே ஒரு குடும்பம் எப்படி வறுமைக்கோட்டை ஒட்டி வாழ்கிறது என்பதற்குப் பலெர்மோத் தமிழர்களின் வாழ்க்கை ஒரு தெளிவான உதாரணம். அதன் முழு விளைவும் இப்போதுதான் தெரியத் தொடங்கியிருக்கிறது. முதலில் வந்த தலைமுறை ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறது.

அகதிகளாக வந்து தொழிலாளரானோர்

1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள், சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் அரசியல் தஞ்சம் கோரினார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டதோ இல்லையோ, அந்நாடுகளின் அகதி நடைமுறை ஒன்றினுள் அவர்கள் வைக்கப்பட்டார்கள். இத்தாலியில் அவ்வழி அப்போது திறந்திருக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளிலிருந்து வருவோரையே அகதிகளாக அங்கீகரிப்பது என்ற புவியியல் வரையறையை இத்தாலி நெடுங்காலம் கைக்கொண்டிருந்தது. மார்த்தெல்லி சட்டம் என அறியப்படும் 1990ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமே அதனை நீக்கியது.

ஆகவே இத்தாலிக்கு வந்து சேர்ந்த தமிழருக்குக் கிடைத்தது அகதி அந்தஸ்து அல்ல. தொழிலாளருக்கான வதிவிட அனுமதி. இத்தாலித் தமிழர்கள் 'சொஜோர்னோ' என்று சொல்லும் பத்திரம் அது. 1986, 1990, 1995, 1998, 2002 எனச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தாலிய அரசாங்கங்கள் அறிவித்த பொதுமன்னிப்புகளின் மூலமே, ஆவணமின்றி இருந்த பெரும்பாலோர் அதனைப் பெற்றனர். 2002ஆம் ஆண்டின் பொஸ்ஸி–ஃபீனி சட்டம் வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு இன்னும் இறுக்கமாகப் பிணைத்தது. வேலை போனால், வேறு வேலை தேட ஆறு மாத அவகாசமே அச்சட்டம் அளித்தது. அது ஓராண்டாக நீட்டப்பட்டது 2012இல்தான்.

இதனை ஒரு சட்ட நுணுக்கமாக மட்டும் பார்ப்பது தவறு. சூரிச்சில் அல்லது டொரொன்டோவில் ஒருவர் சம்பளம் போதாதென்று வேலையை விட்டால் அவர் இழப்பது சம்பளத்தை. பலெர்மோவில் வேலையை விடுபவர் நாட்டில் வாழும் உரிமையையே பணயம் வைக்கிறார். இத்தகைய நிலையில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் பேரம் பேசும் வலிமையை எங்கிருந்து பெறுவார்?

வேலையற்ற ஊரில் வேலை

தொழிற்சாலைகள் குறைந்த பலெர்மோவில், அரச ஊழியர், வழக்கறிஞர், வைத்தியர், கடைக்காரர் எனப் பரந்த ஒரு மத்தியதர வகுப்பு இருக்கிறது. பொலித்தெயாமா அரங்கிலிருந்து வடக்கே நீளும் லிபெர்த்தா வீதியும் அதன் இருமருங்கிலும் உள்ள அடுக்குமாடிகளும் அவ்வகுப்பின் உறைவிடம். அங்கே பெற்றோர் முதுமை அடைகிறார்கள். பிள்ளைகள் வட இத்தாலிக்குப் போய்விடுகிறார்கள். முதியோரைப் பராமரிக்கும் அரச ஏற்பாடு இத்தாலியில், அதிலும் தெற்கில், பலவீனமானது. தானாக நடமாட இயலாதவருக்கு வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் அரசு மாதந்தோறும் ஒரு துணைப் படி வழங்குகிறது. 2024இல் அது சுமார் 530 யூரோ. அந்தப் பணமும் முதியவரின் ஓய்வூதியமும் சேர்ந்ததே ஒரு பராமரிப்பாளரின் சம்பளம்.

வேலை கிடைப்பதன் இரகசியம் இது. சம்பளம் உயராததன் இரகசியமும் இதுவே. தொழில் வழங்குநர் ஒரு நிறுவனம் அல்ல. அவரே ஓர் ஓய்வூதியக்காரர். தம் கைக்கு வருவதற்கு மேல் அவரால் கொடுக்க முடியாது. அவர் இறந்தால் வேலையும் அன்றோடு முடிகிறது. அவருடைய வீட்டிலேயே தங்கி வேலை செய்தவராயின், முன்னறிவித்தல் காலம் கழிந்ததும் உறைவிடமும் போகிறது.

வீட்டைச் சுத்தம் செய்தல், சமைத்தல், துணி தோய்த்து மடித்தல், பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அழைத்து வருதல், படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குளிப்பாட்டுதல் ஆகியவை தமிழர்கள் பெருமளவில் செய்யும் வேலைகள். இத்தாலியில் வீட்டுப் பணியாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; ஆனால் இலங்கையரிடையே ஆண்களின் பங்கு குறிப்பிடத்தக்க அளவு அதிகம். யாழ்ப்பாணத்தில் அடுப்படிக்குள் காலடி வைக்காத ஆண்கள் பலெர்மோவில் இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் தொழில் பழகினார்கள். உணவகச் சமையலறைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்வோர் உண்டு. பலெர்மோவின் அரபு–நோர்மன் காலக் கட்டடங்களை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பின்னர், சுற்றுலா விடுதிகளைத் துப்புரவு செய்யும் வேலைகளும் கூடின. அதே விடுதிகள் பழைய நகரில் வாடகையை உயர்த்தியதையும் சொல்லத்தான் வேண்டும்.

பல்லறோ சந்தையிலும் மக்வேதா வீதியிலும் கடை வைத்திருக்கும் பங்களாதேஷ் நாட்டவரோடு ஒப்பிட்டால் தமிழரின் நிலை வேறுபட்டது. 2016இல், மாஃபியாவினருக்குக் கப்பம் கட்ட மறுத்து மக்வேதா வீதிக் கடைக்காரர்கள் கூட்டாகப் பொலிசாரிடம் சென்றது இத்தாலி முழுவதும் செய்தியானது. வீதியில் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றுகூட முடிகிறது. ஆளுக்கொரு வீட்டின் கதவுக்குப் பின்னால் வேலை செய்பவர்களுக்கு அது எளிதன்று.

ஒப்பந்தம் சொல்வதும் வீட்டில் நடப்பதும்

இத்தாலியில் சட்டத்தினால் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு தொழில்துறைக்கும் தொழிற்சங்கங்களும் தொழில் வழங்குநர் சங்கங்களும் செய்துகொள்ளும் தேசியக் கூட்டு ஒப்பந்தமே சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டுப் பணியாளருக்கான முதலாவது ஒப்பந்தம் 1974இல் ஏற்பட்டது. பணியாளர்கள் 'அ' முதல் 'டி சுப்பர்' வரையான எட்டுப் படிகளாக வகுக்கப்படுகிறார்கள். வீட்டில் தங்காமல் வேலை செய்யும் 'பி' பிரிவுப் பணியாளரின் குறைந்தபட்சச் சம்பளம் 2023இல் மணித்தியாலத்துக்கு 6 யூரோ 58 சதம். தங்கியிருந்து, தானாக இயங்க முடியாத முதியவரைப் பராமரிக்கும் 'சி சுப்பர்' பிரிவினருக்கு உணவும் உறைவிடமும் தவிர மாதம் 1,120 யூரோ. அவருடைய வேலைநேரம் வாரத்துக்கு 54 மணித்தியாலம் வரை நீளலாம். வகுத்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 5 யூரோவைக்கூட எட்டாது. இரவில் முதியவர் அழைக்கும்போது எழுந்து போவது இக்கணக்கில் பல வீடுகளில் சேர்வதில்லை.

பதின்மூன்றாம் மாதச் சம்பளம், வருடாந்த விடுமுறை, வேலை முடியும்போது கொடுபட வேண்டிய சேவைக்காலப் பணம் ஆகியவை ஒப்பந்தத்தில் உண்டு. வாரத்தில் 36 மணித்தியால ஓய்வும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை முழுநாள், வேறொரு நாளில் அரைநாள். பலெர்மோவின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெகிரீனோ மலையேறித் தமிழ்க் கத்தோலிக்கரும் சைவர்களும் ஞாயிறுகளில் போவது அந்நகரின் பிரசித்தமான காட்சி. அந்த ஓய்வுநாள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமை என்பது மலையேறுவோர் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் வேறு தொழிலாளருக்குள்ள சில பாதுகாப்புகள் வீட்டுப் பணியாளருக்கு இல்லை. முன்னறிவித்தல் கொடுத்தால் காரணம் கூறாமலே அவரை நீக்கலாம். நோயுற்றால் சம்பளம் கொடுக்க வேண்டியது தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான 'இன்ப்ஸ்' அல்ல, வீட்டுக்காரர். அதுவும் சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 8, 10, அல்லது 15 நாட்களுக்கு மட்டும். வருமான வரியையும் வீட்டுக்காரர் பிடித்துக் கட்டுவதில்லை. பணியாளர் தாமே வருமானக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். இதனைச் செய்யாதவர் அரசுக்கு வரி பாக்கி வைப்பது ஒருபுறம். ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறிலிருந்து பதினையாயிரம் யூரோ வரை வருட வருமானம் உள்ள தொழிலாளருக்கு 2020 ஜூலை முதல் மாதம் 100 யூரோ வீதம் வழங்கப்படும் சலுகைத் தொகையையும் இழக்கிறார்.

சாம்பல் நிற வேலை

இத்தாலியில் முற்றிலும் பதிவற்ற வேலையைக் கறுப்பு வேலை என்பார்கள். பாதி பதிந்து பாதியைக் கையில் கொடுப்பதற்குச் சாம்பல் நிற வேலை என்று பெயர். 2023இல் இன்ப்ஸ் நிறுவனத்தின் பதிவில் இருந்த வீட்டுப் பணியாளர் தொகை 8 இலட்சத்து 33 ஆயிரம். அவர்களில் பத்தில் ஏழு பேர் வெளிநாட்டவர். பதிவுக்கு வெளியே ஏறக்குறைய அதே அளவு தொகையினர் இருப்பதாகவே இஸ்தாத்தின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. வதிவிட அனுமதிக்கு ஒப்பந்தம் அவசியம் என்பதால், தமிழருக்கு முழுக் கறுப்பு வேலை பயன்படாது. அவர்களைப் பிடித்திருப்பது சாம்பல் நிற வேலையே.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் வாரத்தில் 40 மணித்தியாலம் வேலை செய்கிறார். ஒப்பந்தத்தில் 16 மணித்தியாலமே எழுதப்பட்டுள்ளது. மீதி 24 மணித்தியாலத்துக்குரிய பணம் கையில் கிடைக்கிறது. 2023இன் 'பி' பிரிவுச் சம்பளத்தின்படி, பதின்மூன்றாம் மாதத்தையும் சேர்த்து, அவருடைய பதிவான வருட வருமானம் ஆறாயிரம் யூரோவை எட்டாது. நாற்பது மணித்தியாலமும் பதிவாகியிருந்தால் அது பதினான்காயிரத்து எண்ணூறு யூரோ அளவில் இருந்திருக்கும்.

இந்த வித்தியாசத்தை அவர் உணர்வது வங்கியில் அல்ல, அரச அலுவலகங்களின் வரிசையில். நீண்டகால வதிவிட அனுமதி பெறுவதற்கு, முதியோர் சமூகக் கொடுப்பனவின் வருடத் தொகைக்குக் குறையாத வருமானம் காட்ட வேண்டும். 2023இல் அது சுமார் 6,500 யூரோ. மனைவியையோ கணவரையோ ஊரிலிருந்து அழைப்பதற்கு அதனோடு இன்னொரு பாதியைச் சேர்த்து ஏறக்குறைய 9,800 யூரோ தேவைப்பட்டது. பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யத் தனியாளுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 8,263 யூரோவுக்கு மேற்பட்ட வருமானம் வேண்டும். மேலே கண்டவருக்கு இம்மூன்றும் எட்டாக் கனி. அவர் சோம்பி இருக்கவில்லை. நாற்பது மணித்தியாலம் உழைக்கிறார்.

இதனால்தான் வீட்டுக்காரர் கட்ட வேண்டிய பங்களிப்பைத் தாமே தம் சம்பளத்திலிருந்து கட்டிக் கூடுதல் மணித்தியாலங்களைப் பதிந்துகொள்ளும் வழக்கம் இத்தாலி முழுவதும் குடியேறிகளிடையே உண்டாயிற்று. சட்டப்படி பணியாளரின் பங்கு மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மட்டுமே.

இதை வீட்டுக்காரரின் பேராசை என்று மட்டும் சொல்லித் தீர்த்துவிட முடியாது. போர் நடந்த ஆண்டுகளில் ஊரில் இருந்த பெற்றோருக்கும் சகோதரங்களுக்கும் பணம் அனுப்ப வேண்டியிருந்தவர்களுக்கு, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வரப்போகும் ஓய்வூதியத்தைவிட அன்று கையில் விழுந்த காசு பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. குறைந்த வருமானம் காட்டினால் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு கூடும் என்ற கணக்கும் சில குடும்பங்களில் இருந்தது. அந்தக் கணக்கு எந்த அளவுக்குப் பிழைத்தது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. கொரோனாத் தொற்றினால் நாடு முடக்கப்பட்டபோது, வேறு தொழிலாளருக்கு வழங்கப்பட்ட சம்பள ஈட்டுத் திட்டத்தில் வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை. ஏப்ரல், மே மாதங்களுக்கு மாதம் 500 யூரோ என்ற உதவித்தொகையை அரசு பின்னர் அறிவித்தது. வீட்டில் தங்காதவராகவும், அவ்வாண்டு பெப்ரவரி 23ஆம் தேதியன்று வாரத்துக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் உள்ளவராகவும் இருப்பவருக்கே அது கிடைக்கும் என்பது நிபந்தனை. பதிவான மணித்தியாலங்கள் குறைந்தவர் வெளியே நின்றார்.

வறியோருக்கான பொதுத் திட்டங்களும் நெடுங்காலம் இவர்களுக்கு எளிதில் எட்டவில்லை. 2019இல் தொடங்கி 2023 இறுதியில் முடிவுக்கு வந்த 'பிரஜை வருமானம்' என்ற உதவித் திட்டம் பத்து ஆண்டு வதிவைக் கேட்டது. நீண்டகால வதிவிட அனுமதி உள்ளோருக்கு அந்நிபந்தனை பாரபட்சமானது என ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தபோது திட்டமே இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜனவரியில் வந்த திட்டம் வதிவை ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. ஆனால் வயது வராத பிள்ளைகள், அறுபது வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் உள்ள குடும்பங்களுக்கே அது உரியது. பராமரித்த முதியவர் இறந்து வேலை இழந்த ஐம்பது வயதுத் தனியாளுக்கு அதில் பொதுவாக இடமில்லை.

அறுபத்தேழு வயதில்

இளமையில் பலெர்மோவுக்கு வந்தவர்களுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். இத்தாலியில் ஓய்வூதிய வயது 67. குறைந்தது 20 ஆண்டுப் பங்களிப்பு தேவை. முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு இருபது ஆண்டு என்பது பெரிய விடயம் அல்லவே எனத் தோன்றலாம். இங்கேதான் பலர் அறியாத விதி ஒன்று குறுக்கிடுகிறது. வீட்டுப் பணியாளருக்கு, ஒரு வாரம் முழு வாரமாகக் கணக்கிடப்பட வேண்டுமாயின் அவ்வாரத்தில் 24 மணித்தியாலம் பதிவாகியிருக்க வேண்டும். பல வீடுகளில் வேலை செய்தால் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பதிவு 12 மணித்தியாலம் மட்டுமாயின் அரை வாரமே சேரும். முப்பது ஆண்டு உழைப்பு, இன்ப்ஸ் ஏட்டில் பதினைந்து ஆண்டாகச் சுருங்கும். வேலையிழப்புக் கொடுப்பனவுக்கான வாரங்களும் இதே அளவுகோலினால்தான் அளக்கப்படுகின்றன.

இருபது ஆண்டு நிறைந்தாலும் பிரச்சினை முடிவதில்லை. 1996 ஜனவரிக்குப் பின்னர் முதன்முதலாகப் பங்களிப்புச் செலுத்தத் தொடங்கியவரின் ஓய்வூதியம், அவர் செலுத்திய தொகையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பொதுவான ஊழியர் ஒருவருக்குச் சம்பளத்தின் 33 சதவீதம் இதற்கென ஒதுக்கப்படுகிறது. வீட்டுப் பணியாளருக்குரிய வீதம் அதைவிட மிகக் குறைவு. அத்துடன், அவ்வாறு கணக்கிட்ட ஓய்வூதியம் முதியோர் சமூகக் கொடுப்பனவின் அளவையாவது எட்டாவிட்டால், 67 வயதில் அது வழங்கப்படுவதில்லை. 2024இல் அந்த அளவு மாதம் 534 யூரோ. எட்டாதவர் 71 வயது வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் பங்களிக்கத் தொடங்கியவர்களுக்கு ஓய்வூதியத்தைக் குறைந்தபட்ச அளவுக்கு உயர்த்தும் ஏற்பாடு உண்டு. 1996க்குப் பின் வந்தவர்களுக்கு அது இல்லை. ஆகவே 1995 டிசம்பருக்கு முன் சில வாரங்களாவது பதிவாகியிருந்ததா என்பது இன்று ஒரு முதியவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிட்டது.

ஓய்வூதியம் இல்லாதவருக்கு முதியோர் சமூகக் கொடுப்பனவு இருக்கிறது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பத்து ஆண்டு தொடர்ச்சியான வதிவும், நீண்டகால வதிவிட அனுமதியோ பிரஜாவுரிமையோ உள்ள வறிய முதியவர் அதனைப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அது இத்தாலி மண்ணில் இருப்பவருக்கு மட்டும். 29 நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்படும். ஓராண்டு கடந்தால் இரத்தாகும். பங்களிப்பினால் ஈட்டிய ஓய்வூதியத்தை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டும் பெறலாம். சமூகக் கொடுப்பனவை அவ்வாறு பெற முடியாது. முதுமையில் ஊர் திரும்ப வேண்டும் என்ற ஆசையோடு வாழ்ந்த தலைமுறைக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் விடப்பட்ட மணித்தியாலங்கள் இப்போது வழியை மறிக்கின்றன.

ஊர் திரும்புவோருக்குச் சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு. 1996க்குப் பின்னர் பங்களிக்கத் தொடங்கிய, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டின் பிரஜை ஒருவர், நாட்டை விட்டு நிரந்தரமாகத் திரும்பிச் சென்றால், இருபது ஆண்டு நிறையாவிட்டாலும் 67 வயதில் தமக்குரிய ஓய்வூதியத்தைக் கோரலாம். தொகை சிறிதாகவே இருக்கும். இத்தாலிக்கும் இலங்கைக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லாததால், இரு நாட்டுச் சேவைக்காலத்தையும் கூட்டிக் கணக்கிட வழியில்லை. இலங்கை வங்கிகளில் ரூபாயாகச் சேமித்து வைத்தவர்கள் 2022இல் பட்டது வேறு கதை. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்குச் சுமார் 200 ஆக இருந்த ரூபாய், மே மாதத்தில் 360 அளவுக்கு வீழ்ந்தது.

பலெர்மோவைக் கடந்து போனவர்கள்

பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இத்தாலிய மொழியையும் சிசிலிப் பேச்சையும் அவ்வூர்ப் பிள்ளைகளைப் போலவே பேசுகிறார்கள். அங்கேயே பிறந்திருந்தாலும், 18 வயது வரை தொடர்ந்து வசித்த பின்னரே அவர்கள் பிரஜாவுரிமை கோரலாம் என்பது 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டம். பெரியவர்களுக்கான பத்து ஆண்டு வதிவு நிபந்தனையை ஐந்தாகக் குறைக்கும் யோசனை 2025 ஜூனில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்காளரில் பாதிப் பேர்கூட வாக்களிக்காததால் செல்லுபடியாகவில்லை. பெற்றோரின் தொழிலுக்குப் போக இந்தப் பிள்ளைகள் விரும்புவதில்லை. படிப்புக்கேற்ற வேலை பலெர்மோவில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே இல்லை. அவர்களோடு சேர்ந்து இவர்களும் வடக்கே போகிறார்கள்.

இத்தாலியக் கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள் பலவும் பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளுக்கிருந்த அவ்வழி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடைபட்டது. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போவோர் இன்னும் உண்டு. லண்டனிலோ ஜெர்மனியிலோ பாரிஸிலோ இன்று வாழும் பலர், பலெர்மோவில் கழித்த பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கைகழுவிய காலமாகவே எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 இலக்க ஒழுங்குவிதியின்படி, ஒன்றிய நாடுகளில் பதிவான காப்புறுதிக் காலங்கள் ஓய்வூதிய உரிமைக்காக ஒன்றுகூட்டப்படும். பிரிட்டனுடன் செய்துகொண்ட வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கையிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பலெர்மோவில் பதினான்கு ஆண்டு மட்டும் பதிவுள்ளவர், ஜெர்மனியில் சேர்ந்த ஆண்டுகளைக் கூட்டி இருபது ஆண்டு நிபந்தனையை நிறைவு செய்யலாம். இத்தாலி தன் பங்கைத் தனியாக வழங்கும்.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது, இன்ப்ஸ் நிறுவனம் வழங்கும் பங்களிப்புக் கணக்கு அறிக்கை. எந்த ஆண்டில், எந்த வீட்டுக்காரர், எத்தனை வாரத்துக்குச் செலுத்தினார் என்பது அதில் இருக்கும். ஒப்பந்தம் எழுதியும் பங்களிப்பைக் கட்டாமல் விட்ட வீட்டுக்காரர்களைக் கண்டுபிடிப்பதும் அதன் மூலமே. கட்டப்படாத பங்களிப்பை அறவிடுவதற்குச் சட்டம் பொதுவாக ஐந்து ஆண்டு அவகாசமே தருகிறது. அதற்குப் பின்னர், வேலை செய்ததற்கான எழுத்து மூலச் சான்றுகளைக் காட்டி, இழந்த ஓய்வூதியத்துக்கு ஈடு கோரும் நீண்ட, செலவு மிகுந்த வழிதான் எஞ்சும். ஆகவே ஓய்வு பெறும் ஆண்டில் அன்றி, வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஆண்டுக்கொரு முறையேனும் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது அவசியம். தொழிற்சங்கங்களையும் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்புகளையும் சார்ந்த, 'பத்ரோனாத்தோ' என அழைக்கப்படும் உதவி அலுவலகங்கள் பலெர்மோவில் இதனை எடுத்துத் தருகின்றன. இத்தாலிக்கு வெளியே, இத்தாலியர் குடியேறிய லண்டன், சூரிச், டொரொன்டோ போன்ற நகரங்களிலும் அவற்றின் கிளைகள் உண்டு. அறிக்கையைப் பெறுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.